பதினேழாம் நம்பர் காது

அன்புத் தம்பி முயல்காதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். அவருடைய குறட்டை எங்கள் இருவரையும்விட நலம். அவரை என் இடப்பக்கம் படுக்க வைத்துவிட்டேன், தொந்தரவே இல்லை. செவிட்டுக் காதால் அந்த அளவுக்கு லாபம் உண்டு.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பாய். போனில் நடுவில் புகுந்து பேசுவாய். காகிதத்தில் உன் வாய் நுழையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத கை, மெதுவாகத்தான் போகும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன வாரம் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய்! பதினைந்து வருஷமாக எலிக் காதையும் மனுஷக் காதையும் கட்டிக்கொண்டு மாரடித்ததற்குப் பலன் வந்துவிட்டது என்றாய். காதுக்குள் ஊசி போட்டுக்கொண்ட நாற்பது பேரில், "அந்தப் பதினேழாம் நம்பர் இருக்கே அக்கா, செத்த காது எழுந்து உட்கார்ந்திருக்கு" என்றாய். அடுத்த மாதம் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் அதைத்தான் முதலில் காட்டப் போவதாகவும் சொன்னாய்.

தம்பி, அந்தப் பதினேழாம் நம்பர் நான்தான்.

தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

உன் ஆராய்ச்சிக்கு இங்குள்ள ஆஸ்பத்திரியிலும் ஆள் சேர்த்தார்கள். உனக்கு நம்பர் மட்டும்தான் போகும், பெயர் போகாது என்று டாக்டரம்மா சொன்னார். தெரிந்தால் சொந்த அக்காவை வேண்டாம் என்பாய். வாயை மூடிக்கொண்டு சேர்ந்துவிட்டேன்.

தப்பு ஊசியில் இல்லை, பரிசோதனையில். சத்தம் புகாத சின்ன அறையில் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியோடு ஒரு பெண். அவளுக்கு முதுகு தெரிகிற மாதிரி என்னைத் திருப்பித்தான் உட்கார வைத்தாள். ஆனால் கதவின் பளபளப்பில் அவள் தோள் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் நெசவு மில்லில் நின்றவளிடமா இந்த விளையாட்டு? தறிச் சத்தத்தில் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. உதட்டையும் தோளையும் புருவத்தையும் பார்த்தே ஊர்வம்பு முழுவதும் பேசி முடிப்போம். சத்தம் அனுப்பும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தோள் ஒரு நூல் ஏறும். ஏறினால் அழுத்தினேன்.

ஏமாற்ற நினைத்துப் போகவில்லை. முதல் இரண்டு பரிசோதனையில் கேட்காததற்குச் சும்மாதான் இருந்தேன். தாளில் கோடு ஏறாததைப் பார்த்து டாக்டரம்மா முகம் சுருங்கியது. அங்கே உன் முகம் எப்படிச் சுருங்குமோ என்று தோன்றிவிட்டது. அப்புறம் தோள் ஏறியது, விரலும் அழுத்தியது. தம்பிக்குப் பாஸ் மார்க் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நேற்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏம்மா, நீங்களா இப்படி!" என்று தலையில் கைவைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் உனக்கு எழுதுகிறார். நம்பரை அவர் சொல்வார், ஆளை நான் சொல்கிறேன்.

பிறகு என் கண்ணைத் துணியால் கட்டி மறுபடி பரிசோதித்தார்கள். கீச்சுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தூரத்தில் தறி ஓடுவது மாதிரி ஒரு முனகல் கேட்டது. ஐந்து தடவை அனுப்பியதில் நாலு தடவை சரியாக அழுத்தினேனாம். ஊசிக்கு முன்னால் அதுகூட இல்லை. அது மருந்தால் வந்ததா, என் அதிர்ஷ்டமா என்று கண்டுபிடிப்பது உன் வேலை.

கூச்சப்படாமல் பதினேழை அடித்துவிடு. ஏன் அடித்தாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல். ஒரு அக்காவின் விரலை நம்பியா உன் ஆராய்ச்சி நிற்கிறது? மிச்சம் முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். இனி எல்லோருக்கும் கண்ணைக் கட்டச் சொல். மில் ஆள் வந்தால் இரண்டு துணி.

போன தடவை வந்தபோது, மற்றவர்களைப் போல நீயும் பேச்சுக்கு நடுவில் எழுந்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? அடுத்த தடவை இடப்பக்கமே உட்கார். எனக்குக் கேட்கும்வரை பேசு. உன் அத்தான் குறட்டையைத் தவிர வேறு எதையும் அந்தப் பக்கம் அண்டவிடாமல் உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

நன்றாக இருடா, தம்பி.

உன் அக்கா