நகை போட்ட விமானமும் மொட்டை விமானமும்

மார்ச் 3, செவ்வாய்

மாடல் விமானத்தின் கண்ணாடி மூடியை ஒட்டிய பிறகுதான் கவனித்தேன்: உள்ளே விமானியின் சீட் பெல்ட் கொக்கி தெரியவில்லை. எறும்புத் தலை அளவுக் கொக்கி. மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியால் மடித்து வைத்தது. விளக்கை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

மாமாவிடம் காட்டினேன். "தெரியாட்டி என்ன? உள்ள இருக்குன்னு வாங்கினவனுக்குத் தெரியும்ல" என்றார்.

மாமா, அம்மாவின் தம்பி. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குத் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமானங்கள் விற்கிற தன் மாடல் கடையில் பின்மேசையைக் கொடுத்தவர். கிட் பெட்டியோடு வராமல் தனியாக வாங்கிப் பொருத்தும் பாகங்களுக்கு அவர் வைத்த பேர் நகை. பித்தளைத் தகட்டில் வெட்டிய பெல்ட், பிசினை வார்த்துச் செய்த ரெசின் இருக்கை, ரெசின் சக்கரம், எல்லாம் நகை. பெட்டியில் வந்ததை மட்டும் வைத்துச் செய்தால் அது மொட்டை.

நகைப் பாக்கெட்டுகள் விலைபோகாமல் சுவரில் தொங்குகின்றன. அதனால் ஒரே பயிற்சி விமானத்தை இரண்டாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். ஒன்று நகை, ஒன்று மொட்டை. இரண்டும் வாசல் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"பொண்ணு அதே பொண்ணுதான். நகை போட்டாத்தான் சபை திரும்பிப் பாக்கும்."

என் காதில் ஒன்றுமில்லை. சபையும் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

கூரியர் அக்கா வந்தார். பார்சலை வைத்துவிட்டு வழக்கம்போல மெஷினை நீட்டி, "விரல வை தங்கச்சி" என்றார். திரையில் கிறுக்கினேன். "உன் கையெழுத்து கோழி கிளறுன மாதிரியே இருக்கு. மாத்திக்காத, எனக்கு அடையாளம்."

பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்துப் பிரித்தார். அதே பயிற்சி விமானம்! மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார். போன மாதம் வாங்கிப் போனார். "வருஷக்கணக்கா பெட்டி தூக்குறேன், உள்ள என்னதான் இருக்குன்னு பாக்க வேணாமா?" என்று சொல்லி வாங்கினார்.

"எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு. அழ மாட்டேன்."

இறக்கை ஒரு மயிரிழை சாய்வு. மற்றபடி சுத்தமான வேலை. விமானத்தின் மூக்கில் ஊதினார், விசிறி சுற்றியது. இரண்டு பேரும் சிரித்தோம்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா." உண்மையாகத்தான் சொன்னேன்.

என் பெருவிரலில் பிளேடு கிழித்த தழும்பைப் பார்த்துத் தன் பெருவிரலை நீட்டினார். பெட்டி அறுக்கும் கத்தி கிழித்தது, அதே இடத்தில் குறுக்காக. "பாரு, ஒரே கம்பெனி முத்திரை!"

முழு வாக்கியமாக நான் பேசுவது இவரிடம் மட்டும்தான்.

மார்ச் 9, திங்கள்

இரண்டும் முடிந்தன. கடைக்கு வருகிறவர்களிடம் மாமா கேட்டார்: "எது நல்லா இருக்கு, சொல்லுங்க." முக்கால்வாசிப் பேர் மொட்டையைக் காட்டினார்கள். ஒருவர் நகையைப் பார்த்து, "இதுக்கு ஏதாவது அடிபட்டுதா?" என்று வேறு கேட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். ரெசின் இருக்கை தடிமன். அதை வைத்தால் விமான உடம்பின் இரண்டு பாதியும் சேராது. இடுக்கில் பட்டி பூசித் தேய்த்துத் தேய்த்து முதுகே தட்டையாகிவிட்டது. விமானி பிடிக்கும் நெம்புகோல் பித்தளையில் தகடு மாதிரி இருக்கிறது, பிளாஸ்டிக்கில் அது உருண்டையாக இருந்தது. பெல்ட் மட்டும் அழகு. அதுவும் மூடிக்குள் போய்விட்டது.

மாமா முகம் தொங்கிவிட்டது. "மொட்டை ஜெயிச்சா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். நாளைக்குள்ள ஏதாவது பண்ணு."

மார்ச் 10, செவ்வாய்

பண்ணிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

என்ன பண்ணினேன் என்று இங்கேயாவது எழுத வேண்டும்.

மொட்டையின் வயிற்றில் பிளேடை ஓட்டி இடுக்கை விரித்தேன். இறக்கையில் தண்ணீர் கலக்காத வண்ணத்தை அப்பினேன். கடைசியாகப் பசை தொட்ட பெருவிரலைக் கண்ணாடி மூடியில் அழுத்தி எடுத்தேன். ரேகை வெள்ளையாகப் பூத்து அப்படியே உறைந்துவிட்டது. தேய்த்தாலும் இனி போகாது.

இதை மாமா சொல்லவில்லை. எனக்கே தோன்றியது. கையும் கூசவில்லை. கெடுப்பதில்கூட நேர்த்தி பார்த்தேன்.

மாமா ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அட்டை எழுதி வைத்தார். 'பெட்டியில் வந்தபடி.' 'நகை போட்டது.'

மார்ச் 13, வெள்ளி

சுவரில் நகைப் பாக்கெட் பாதி காலி. "கண்ணால பாத்தாத்தான் ஜனம் நம்பும்" என்று மாமா என் தலையைத் தட்டினார். 

மார்ச் 16, திங்கள்

கூரியர் அக்கா வாசல் அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வந்ததும் கோழிக் கிண்டல் இல்லை.

"அந்த மொட்டை யாரு செஞ்சது?" என்று மாமாவைக் கேட்டார்.

"யாரோ புதுசா பழகுறவங்க. நகை போட்டது நம்ம பாப்பா செஞ்சது."

அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "என்னோடதும் இப்படித்தான் இருக்கும்ல? மனசு கோணக் கூடாதுன்னுதான் நீ நல்லா இருக்குன்னு சொன்னே."

இல்லை என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல்! மாமா பக்கத்தில் நிற்கிறார். உப்புத்தாளை மடித்துக்கொண்டே இருந்தேன், மடிக்க இடமில்லாத வரைக்கும்.

அக்கா நகைப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 20, வெள்ளி

துண்டு மூட்டை மறுபடி வந்தது. உள்ளே மஞ்சள் விமானம், துண்டு துண்டாக. ரெசின் இருக்கையை உள்ளே வைப்பதற்காக ஒட்டிய உடம்பைக் கத்தியால் பிளந்திருக்கிறார். இறக்கை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பெல்ட் ஒன்று விசிறியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. விசிறி சுற்றவில்லை.

"தோடு போடப் போயி காதே அறுந்துபோச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "குப்பையில போட்டுடு தங்கச்சி. இதெல்லாம் என் கைக்கு வராது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த மொட்டையோட கண்ணாடியில ஒரு ரேகை இருக்கு, பாத்தியா? நடுவுல குறுக்கா ஒரு கோடு. அச்சு அசல் என்னுது மாதிரி. அதைப் பாத்ததும்தான் எனக்கு உறைச்சுது. நம்ம மாதிரி ஆளுங்க செஞ்சா இப்படித்தான் இருக்கும்னு."

கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

என்னுது. அது என்னுதுக்கா. சொல்லியிருக்கலாம்ல? வாய் எதுக்கு இருக்கு எனக்கு? பள்ளிக்கூடத்துல எழுப்பி நிறுத்தினா ஊமையா நிப்பேன், அப்ப நான் யாரையும் கெடுக்கல. இப்ப சும்மா நின்னே ஒருத்தரைக் கெடுத்துட்டேன் —

கைகழுவும்போது விரலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மா, "கையில என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல, பசை."

மார்ச் 22, ஞாயிறு

நகையால் விமானம் நன்றாகிறதா என்று நாளெல்லாம் யோசித்தேன். மூடி திறந்த விமானம் என்றால் பெல்ட் நன்றாகத்தான் இருக்கும். அதையும் காகிதத்தில் வெட்டிச் செய்துவிடலாம். சக்கரம் பரவாயில்லை. மற்றதெல்லாம் வாங்குகிறவர் மனசுக்கு. மனசுக்காக வாங்குவதும் தப்பில்லை, தெரிந்து வாங்கினால்.

அக்கா தெரிந்து வாங்கவில்லை. நான் காட்டியதை நம்பி வாங்கினார்.

மஞ்சள் துண்டுகளைக் குப்பையில் போடவில்லை. விசிறியிலிருந்து பெல்ட்டைப் பிரித்தெடுத்தேன். ஊதினேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுற்றியது.

மார்ச் 23, திங்கள்

"மாமா, அந்த மொட்டைய எடுத்துடலாமா?"

"ஏன், நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"நான்தான் அதைக் கெடுத்தேன்."

"மெதுவாப் பேசு." வாசலைப் பார்த்தார். "நான் ஏதாவது பண்ணுன்னேன். கெடுன்னு சொன்னேனா?"

சொல்லவில்லை. அது சரிதான். அதனால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் பெரிய பார்சல். மாமா கல்லாவில் இருந்தார். கூரியர் அக்கா பெட்டியை என் மேசையில் இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மெஷினை நீட்டினார்.

"விரல வை."

நான் எழுந்துபோய் வாசல் அலமாரியைத் திறந்தேன். "பாப்பா" என்றார் மாமா. மொட்டையை எடுத்து வந்து பெட்டியின் மேல், அக்காவின் பக்கம் திருப்பி வைத்தேன். கண்ணாடி மூடியில் இருந்த ரேகையின் மேல், கோட்டுக்கு நேராகத் தழும்பு படியும்படி, பெருவிரலை வைத்தேன்.