நாற்பதாவது இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய உன் அறையின் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது சுவரில் அடித்திருந்த ஆணிதான். புது ஆணி, அதில் இன்னும் எதுவும் மாட்டவில்லை. “நிலையா இருக்கப்போற எடத்துலதான்டி ஆணி அடிக்கணும்” என்று என்னைத் திட்டியவள் நீ. படத்தை அம்மாவிடம் காட்டவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அலுவலகத்தில் எனக்கு ஓய்ச்சலே இல்லை. நீ எட்டுப் பேருக்கு அமைத்த நெட்வொர்க்கில் இப்போது நாற்பது பேர் மருத்துவமனையின் பழைய நோயாளி அட்டைகளைத் தட்டச்சு செய்கிறார்கள். காலையில் எல்லோரும் ஒன்றாக நுழைந்தால் சர்வருக்கு மூச்சு வாங்கும். அதனால் வரிசை வரிசையாக ஐந்து நிமிடம் விட்டுத் திறக்கச் சொன்னேன். ஸ்கேன் படங்களை வேறு கணினிக்கு மாற்றினேன். ஒரு நேரத்தில் நாற்பது பேர்தான் என்று வரம்பும் வைத்தேன். அதை ஐம்பதாக்கிப் பார்த்த அன்று எல்லோர் திரையும் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரர், “எட்டு பேர் பாயில நாப்பது பேரு படுத்தா காலு வெளியிலதான் கெடக்கும்” என்று சிரித்தார். பள்ளிக்கூடம் முடிக்காதவளிடம் அக்கா வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இரண்டு வாரத்துக்கு முன் சேர்ந்த கைக்குழந்தைக்காரிதான் நாற்பதாவது ஆள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கடைசியாக ஓடி வருவாள். அவள் திரையில் மட்டும் ‘இடமில்லை’ என்று வரும். யாராவது வெளியேறினால்தான் அவளுக்கு வேலை. இந்த வெள்ளிக்கிழமையும் அவள் அடித்த அட்டைகள் குறைந்தால் இனி வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். “நாப்பது பேருக்கு நாப்பது எடம்னு சொன்னியே கண்ணு, என் எடத்துல யாரும்மா உக்காந்திருக்கா?” என்று என்னிடம் கேட்டாள்.

நீதான் அக்கா. “ரெண்டு மாசத்துல வந்துடுவேன், என் எடத்த யாருக்கும் குடுத்துடாத” என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு வருடமாகத் தினமும் முதல் ஆளாக வந்து, உன் கணினியைத் துடைத்து, உன் பெயரில் உள்ளே நுழைந்து வைக்கிறேன். உன் பெயருக்கு நேரே அந்தப் பச்சை விளக்கு எரிந்தால் நீ தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிற மாதிரி இருக்கும்.

அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. வருவதாக இருந்தால் ஒரு வரி எழுது. உனக்கு இடம் செய்யாமலா போய்விடுவேன்?

இன்று வெள்ளிக்கிழமை. சற்று முன் அவள் படியேறி ஓடி வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. உன் பெயரை வெளியேற்றினேன்.

உன் தங்கை