பச்சையம்மாவுக்கு எத்தனை வயது

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது: எலும்பையும் பல்லையும் வைத்து வயதைக் கணிப்பது. இரண்டு வருட உழைப்பு. இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்: "முடிவுகள் எல்லாமே 'இதிலிருந்து இதுவரை' என்றே இருக்கின்றன. ஒரே எண்ணாகத் தர இயலுமா?"

இயலாது. இயலாது என்பதுதான் ஐயா கட்டுரையே.

பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்த அறுநூற்றுச் சொச்சம் ஹைதராபாத் பிள்ளைகள். பல்வலிக்கும் விபத்துக்கும் ஏற்கெனவே எடுத்திருந்த படங்கள். ஞானப்பல்லின் வேர் எப்போது மூடுகிறது, கழுத்துக்குக் கீழே காரை எலும்பின் உள்முனை எப்போது ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பேருக்கு எலும்பு மூன்று வருட வித்தியாசம் காட்டுகிறது. எலும்பு பிறந்தநாள் கொண்டாடுவதில்லை என்று முரளியிடம் சொன்னேன். "அதையே எழுதி அனுப்பேன்" என்றான், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். புருஷன் என்று ஒருவன்.

6 பிப்ரவரி, வியாழன்

சப்-இன்ஸ்பெக்டர் ஸ்மிதா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கள் தடயவியல் மருத்துவத் துறைக்கு வந்தார். மாதாப்பூரில் ஒரு ஃப்ளாட்டில் வீட்டுவேலை செய்த பெண். பால்கனியில் வைத்துப் பூட்டியிருந்ததை எதிர் ஃப்ளாட்காரர் பார்த்துப் புகார் கொடுத்திருக்கிறார். வலது கையில் பழைய சூட்டுக் காயம். ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன.

போலீஸ் கோரிக்கையில் அந்தக் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரே கேள்வி: வயது என்ன?

வீட்டுக்காரர்கள் காட்டும் ஆதார் அட்டைப்படி பத்தொன்பது. ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தது. பிறந்த தேதி ஜனவரி ஒன்று. (ஏஜென்ட்கள் கொண்டுவரும் எல்லோரும் ஜனவரி ஒன்றில்தான் பிறக்கிறார்கள்.) பதினெட்டுக்குக் கீழே என்றால் குழந்தைகள் சட்டத்தில் பெரிய வழக்கு. மேலே என்றால் சாதாரண அடிதடி, உடனே ஜாமீன்.

"பேர் பானுன்னு ஓனர் சொல்றாங்க மேடம். பொண்ணு வாயே திறக்கல. தெலுங்குல கேட்டாச்சு, இந்தியில கேட்டாச்சு. மூளை வளர்ச்சி கம்மின்னு எழுதிடலாமா?" – ஸ்மிதா தெலுங்கில் கேட்டார். நல்லவர்தான். களைத்துப்போயிருந்தார்.

அந்தப் பெண் எக்ஸ்ரே மேஜையைப் பார்த்துத் தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: "இது இன்னாத்துக்கு."

"எந்த ஊரும்மா நீ?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. பிறகு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. ஜவ்வாது மலை, திருவண்ணாமலை ஜில்லா. பெயர் பானு இல்லை, பச்சையம்மா. பானு என்பது அந்த வீட்டம்மா கூப்பிட வசதியாக வைத்த பெயர்.

இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருத்தரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கே மௌலா அலியில் எங்கள் தெருவில் மட்டும் பத்துத் தமிழ்க் குடும்பம். மூளை வளர்ச்சி கம்மி – யாருக்கு?

7 பிப்ரவரி, வெள்ளி

சி.டி. ஸ்கேன் அறையில் நூர் முகமதுவிடம் இடம் கேட்டுக் கெஞ்சினேன். படமெடுப்பதில் இந்த மருத்துவமனையிலேயே கெட்டிக்காரர். கதவைத் திறக்கவைப்பதுதான் பாடு.

"உசுரோட இருக்கறவங்களுக்கே ஸ்லாட் இல்ல மேடம்."

"இவளும் உயிரோடதான் இருக்கா."

"அப்படியா? உங்க டிபார்ட்மென்ட்னதும் நான் வேற நெனச்சுட்டேன்." பெண்ணை ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "ஹவ், ஆகட்டும் மேடம். மத்தியானம் கூட்டிட்டு வாங்க."

11 பிப்ரவரி, செவ்வாய்

மணிக்கட்டு எலும்புகள் வளர்ந்து முழுக்க ஒட்டிவிட்டன. ஞானப்பற்களுக்கு வேர் இறங்கியிருக்கிறது, நுனி இன்னும் மூடவில்லை. காரை எலும்பு இப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. மூன்றையும் சேர்த்து எங்கள் பிள்ளைகளோடு ஒப்பிட்டால்: பதினாறுக்குக் குறையாது, பத்தொன்பதுக்கு மேல் போகாது. நடுவில் எங்கே என்று எந்த எலும்பும் சொல்லாது.

துறைத்தலைவர் உமாசங்கர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரேஞ்ச் எல்லாம் உன் ஆராய்ச்சிக்கு வச்சுக்கோ மைதிலி. கோர்ட்டுக்கு 'சுமார் பதினெட்டு'ன்னு போட்டு அனுப்பு. முப்பது வருஷமா அப்படித்தான் போடறோம்."

பதினெட்டுக்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சுமார் பதினெட்டு. பிணவறையில் ஒருத்தரைப் பார்த்துவிட்டு 'சுமாராகச் செத்திருக்கிறார்' என்று எழுதுவோமா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் அறிக்கையையே அனுப்பினேன்.

13 பிப்ரவரி, வியாழன்

அரசு வக்கீல் ஃபோன் செய்தார். "பதினேழுன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே டாக்டர். கேஸ் உறுதியா நின்னிருக்கும்."

ராத்திரி முரளி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான். பச்சையம்மாவைப் பூட்டிவைத்த அந்த வீட்டுக்காரர் இவன் வேலை செய்யும் கட்டடத்திலேயே வேறு கம்பெனியாம். "நல்ல மாதிரிதான்னு சொல்றாங்க. பத்தொன்பதுன்னும் உன் ரிப்போர்ட்லயே இருக்காமே. அதைக் கொஞ்சம்..."

"அதைக் கொஞ்சம் என்ன?"

"ஒண்ணுமில்ல, விடு."

விட்டேனா? விடவில்லை. அந்தக் கை எப்படி இருக்கிறது என்று என் கையை மடக்கிக் காட்டினேன். அதன்பிறகு அவன் சாப்பிடவில்லை. பாவம், யாரோ கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேட்டானே.

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று பச்சையம்மாவும்.

இப்போது அவளை வைத்திருக்கும் காப்பகத்திலிருந்து கைக்குப் பயிற்சி செய்ய அழைத்து வந்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது மெதுவாகச் சொன்னாள்: "டாக்டரம்மா, எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சின்னு எழுதிடுங்க."

"ஏன்?"

"இல்லன்னா கொழந்தன்னு சொல்லி எங்கப்பன் கையில புடிச்சிக் குடுத்துடுவாங்க. அவரு திரும்ப அந்த ஏஜென்டுகிட்டயே வுட்டுடுவாரு. அம்மா செத்தப்புறம் அவருதான கொண்டாந்து வுட்டாரு."

"நான் நெனைக்கிறபடியெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்ப யாரு நெனைக்கிறபடி எழுதுவீங்க?"

அரசு வக்கீலுக்குப் பதினேழு வேண்டும். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பத்தொன்பது. உமாசங்கருக்குச் சுமார். இவளுக்குப் பதினெட்டு. எல்லோருக்கும் நான் எண் விற்கிற கடைக்காரியாகத் தெரிகிறேன். போங்கப்பா. எனக்குத் தெரியாது, தெரியாது, தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது?

15 பிப்ரவரி, சனி

தூக்கமில்லை. தலைவலி.

20 பிப்ரவரி, வியாழன்

பயிற்சியில் விரலை நிமிர்த்தும்போது வலி தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தேன். அந்த வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குழந்தைமேல் இவளுக்கு உயிர், விட்டுவந்ததற்காக வருத்தப்படுகிறாள்.

"நான் வந்தப்ப பாப்பா நடக்கவே இல்ல. மொதப் பொறந்தநாளு அப்பதான் வந்துச்சி. பலூனெல்லாம் கட்னாங்க. இப்ப பாரு, டை கட்டிக்கினு பெரிய ஸ்கூலுக்குப் போவுது."

நான் அவள் விரலைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

"எத்தனை தீபாவளி அங்க இருந்தே?"

"நாலு."

இன்றைக்கு இவளுக்கு என்ன வயது என்று இத்தனை பேர் அடித்துக்கொள்கிறோம் – நானும்தான். அந்த வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று என்ன வயது என்று ஒருத்தராவது கேட்டோமா?

உடனே ஸ்மிதாவுக்கு ஃபோன் செய்தேன். "ஆறு மாசமாத்தான் வேலை செய்யறான்னு ஓனர் எழுதிக் கொடுத்திருக்காங்க மேடம்." அதையும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கத்திவிட்டேன். அவரும் பதிலுக்குக் கத்தினார்: "ஒரு ஸ்டேஷனுக்கு நான் ஒருத்திதான் லேடி எஸ்.ஐ., மேடம்." கடைசியில் "பார்க்கறேன்" என்றார்.

24 பிப்ரவரி, திங்கள்

ஸ்மிதா நேரிலேயே வந்தார். அந்த வீட்டம்மா குடும்பப் படங்களையெல்லாம் ஊர் பார்க்க இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார். ஆகஸ்ட் 2021, குழந்தையின் முதல் பிறந்தநாள். கேக்கைச் சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொளதொளவென்று யாருடையதோ சுடிதாரில் பச்சையம்மா. கன்னமெல்லாம் சின்னப்பிள்ளையின் கன்னம்.

ஸ்மிதா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். குழந்தையை அணைத்திருக்கும் வலது கை. ஐந்து விரலும் நேராக இருக்கின்றன.

ஸ்மிதா தண்ணீர் கேட்டார்.

11 மார்ச், செவ்வாய்

இரண்டாம் மதிப்பீட்டாளர் மறுபடியும்: ஒரே எண்?

22 ஏப்ரல், செவ்வாய்

அந்த வீட்டுக்காரர்களின் ஜாமீன் விசாரணைக்கு நேரில் வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து உத்தரவு. காலையிலிருந்து காத்திருந்து மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்த இடத்தில் வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் மிக மரியாதையானவர். மரியாதையாகவே கழுத்தைப் பிடித்தார்.

"பத்தொன்பதாக இருக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

"பதினாறாகவும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன்."

"எலும்புப் பரிசோதனையில் இரண்டு வருடம் முன்பின் பிழை வரும். ஆகவே இருபத்தொன்றாகவும் இருக்கலாம், இல்லையா?"

"அந்தப் பிழையைச் சேர்த்துக்கொண்டதால்தான் பதினாறிலிருந்து பத்தொன்பது. அதன்மேல் மறுபடியும் இரண்டைக் கூட்டினால், ஒரே பிழையை இரண்டு தடவை எண்ணுவதாகும்."

"ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும் டாக்டர்."

இந்த வாக்கியத்தை உலகத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் அலுப்பு. "ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா டாக்டர்?"

இன்றைக்கு அவள் வயது என்ன என்று ஒரே எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றேன். ஆனால் அந்தப் பிறந்தநாள் படம் நான் பரிசோதித்ததற்கு மூன்றரை வருடம் முன்னால் எடுத்தது. வக்கீல் சொல்கிற இருபத்தொன்றையே வைத்துக்கொண்டாலும் அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. என் கணக்குப்படி பதினாறுகூட ஆகவில்லை. படத்தில் விரல்கள் நேராக இருக்கின்றன, இப்போது இல்லை.

வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். நீதிபதி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

24 ஏப்ரல், வியாழன்

ஜாமீன் இல்லை. குழந்தைகள் சட்டத்தின்கீழ் வழக்கு நடக்கும்.

உமாசங்கர் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, நான் சொன்ன மாதிரியே ஆச்சு. சுமார் பதினெட்டு." முப்பது வருஷம்.

முரளி சாயங்காலம் வரும்போது எனக்குப் பிடித்த உஸ்மானியா பிஸ்கெட் வாங்கி வந்திருந்தான். அவன் மன்னிப்புக் கேட்கும் விதம் அது. இரண்டு தின்றேன்.

9 ஜூன், திங்கள்

குழந்தைகள் நலக் குழு. அவளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஜவ்வாது மலையில் விசாரித்துவிட்டார்களாம். அவள் பள்ளிக்கூடமே போகாததால் சான்றிதழ் ஏதும் இல்லை. மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பிறந்த தேதி போட்டே ஆகவேண்டும், சட்டம் அப்படி.

"நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். "நான் போட மாட்டேன். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் தமிழில் கேட்டுச் சொல்கிறேன்."

போட்டுக்கொண்டார்கள்: வரும் அக்டோபரில் பதினெட்டு முடியும். பிறகு தலைவியம்மா அவளிடம் தெலுங்கில் கேட்டார், அப்பாவிடம் போக இஷ்டமா என்று. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.

"நக்கோ" என்றாள் பச்சையம்மா. வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு, காப்பகத்தில் கற்றது.

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஏன் நக்கோ என்பதைச் சொல்ல அவளுக்கு வெகுநேரமாயிற்று. அதை மட்டும் ஒவ்வொரு வாக்கியமாக நான் சொன்னேன். அப்பாவிடம் அனுப்பப் போவதில்லை. அக்டோபர் வரை காப்பகம், அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்ப அக்டோபர்லதான் எனக்குப் பதினெட்டா?"

"அவங்க கணக்குப்படி."

"உங்க கணக்குப்படி?"

"சும்மா இரு."

17 நவம்பர், திங்கள்

விரல் அறுவை சிகிச்சைக்கு முன்பதிவு செய்ய வந்திருந்தாள். சைனிக்புரியிலிருந்து தனியாக, இரண்டு பஸ் மாறி. அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை, சம்பளம், பக்கத்திலேயே விடுதி. புறநோயாளிகள் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் விடச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நானும் நின்றேன்.

கவுன்ட்டர்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரு?"

"பச்சையம்மா." அவருக்கு எழுத வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், தெலுங்கில்.

"வயசு?"

என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"பத்தொம்பது" என்றாள்.

அவர் தட்டினார். சீட்டு வந்துவிட்டது. அவ்வளவுதான். சான்று கேட்கவில்லை, படம் கேட்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

குழு போட்ட தேதிப்படி பதினெட்டுதான், ஆகவே அது தப்பு. என் அறிக்கைப்படி தப்பென்று சொல்ல முடியாது.