ஏழாம் நம்பருக்கு எந்தத் தெரு?

அன்பு மூர்த்தி,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. உன் இசை விழாவைப் பற்றி யார் கேட்டாலும் "நல்லா நடக்குது" என்று சொல்லியே பழகிவிட்டேன். இன்று காலை உன் வீட்டு வாசலில் பந்தல் போட மூங்கில் இறக்கினார்கள். அதனால் எழுதுகிறேன்.

மேடையே ஏறாத ஒன்பது பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பழைய வீதியில் வருஷா வருஷம் மூன்று நாள் வாசிக்க வைப்பது உன் ஆசை. அதற்கான தேர்வுக்கு உன் கூடத்தில் ஒரு பச்சைப் போர்வையைக் குறுக்கே கட்டினாய். முகம் தெரியக் கூடாது, பேர் தெரியக் கூடாது, நம்பர் மட்டும் போதும் என்றாய். இப்போது அந்தப் போர்வை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. 'நிறுவனரின் திரை' என்று கீழே பித்தளைத் தகடு. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். புதுத் திரை வெல்வெட். அதில் நகைக்கடை விளம்பரம்.

முதல் வருஷம் அந்தப் போர்வை உன் மைத்துனன் பாஸ்கரின் மகனையே தள்ளிவிட்டது. "சுருதி ஒரு பக்கம் போகுது, இவன் ஒரு பக்கம் போறான்" என்று சொன்னது நீதான். பேர் எழுதிய சீட்டைப் பிரித்ததும் உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். உன் மனைவி ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. ஆனாலும் நீ முடிவை மாற்றவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷம் உன்னோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட நீ, போகும்போது செயலாளர் பதவியைப் பாஸ்கரிடம் கொடுத்தாய். எனக்கு மைக்கைக் கொடுத்தாய், பேர் கூப்பிட. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் தேர்வு நடந்தது. ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டோம். ஏழாம் நம்பர் வயலின். கரகரப்ரியாவில் நாலு இழுப்பு இழுத்திருக்கும், கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். பாஸ்கரே என் பக்கம் சாய்ந்து, "மெட்ராஸ் பார்ட்டி போல சார், கையில என்ன சுத்தம் பாருங்க" என்றான். ஐந்து தாளிலும் ஏழுதான் முதல் இடம்.

பேரைப் பிரித்தோம். சுகன்யா. கூப்பிட்டார்கள். இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் வந்து நின்றாள். பின்னால் அவள் அம்மா, ஒரு கட்டைப்பையோடு.

"எந்த ஊரும்மா?" என்றான் பாஸ்கர்.

"நீடாமங்கலம் பக்கம் சார்."

"அது சரி. ஊர்ல எந்தத் தெரு?"

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். "காலனித் தெரு சார்."

"சரிம்மா. சொல்லி அனுப்புறோம்."

அவர்கள் வாசல் தாண்டுவதற்குள் பாஸ்கர் ஆரம்பித்தான். "நல்லாத்தான் வாசிக்கிது. இல்லேங்கல. ஆனா நம்ம வீதிக்குன்னு ஒரு இது இருக்குல்ல?" அந்த 'இது' என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானா? கீழே வைத்த காபியை எடுத்துக் குடித்தேன்.

வெளியே வந்தேன். அந்த அம்மா என்னைத் தடுத்து, "சார், வாசிக்கறப்ப என்னை உள்ள விடலை. பொண்ணு எப்படி வாசிச்சிச்சு? நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டார். "குழு முடிவு பண்ணும்மா" என்றேன். சுகன்யா வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தாள். "ராகத்தைப் பத்திக் கேப்பாங்கன்னு ராத்திரியெல்லாம் படிச்சிட்டு வந்தேன் சார். தெருவைத்தான் கேட்டாங்க. அதுக்குப் படிக்கவே வேணாம். வாம்மா, பஸ் போயிரும்."

நான் உள்ளே திரும்பிப் போய், மேஜையில் கிடந்த ஐந்து மதிப்பெண் தாள்களையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பட்டியல் அச்சாகிவிட்டது. அவள் பேர் ஒன்பது பேரில் இல்லை. பின்பக்கம், 'வரவேற்பு இசை' என்று அவள் பேரைப் பாஸ்கர் போட்டிருக்கிறான். விருந்தினர்கள் பந்தலில் கேசரி சாப்பிடும்போது ஓரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம். அவள் இடத்தில் நகைக்கடைக்காரர் மகள். அந்தப் பெண்ணுக்கு என் தாளில் பதினோராவது இடம்.

பாஸ்கரைத் திட்டிக்கொண்டே நாலு நாள் ஓட்டினேன். அப்புறம்தான் உன் மேல் சந்தேகம் வந்தது. யாரென்றே தெரியாமல் கேட்கிறோம் என்று பெருமைப்பட்டோமே, அந்தப் போர்வைக்குப் பின்னால் நமக்குத் தெரியாதவர் யாராவது ஒரு வருஷமாவது வந்து உட்கார்ந்தார்களா? நோட்டீஸை எங்கே ஒட்டினோம்? இந்த வீதியிலும் இரண்டு சபா வாசலிலும். நீடாமங்கலம் பக்கத்து ஊர்களுக்கு நாம் ஒரு தாள்கூட அனுப்பவில்லை. பாஸ்கர் வாட்ஸ்அப்பில் பரப்பிய அந்த அசிங்கமான போஸ்டர்தான் முதல் தடவையாக அவளை நம் கூடத்துக்குக் கொண்டுவந்தது. நீ இருந்திருந்தால் தெருப் பேரைக் கேட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நிச்சயமாகத் தெரியுமா என்றால், தெரியாது. கேட்கும் அவசியம் உனக்கு வந்ததே இல்லையே, மூர்த்தி.

ஐந்து மதிப்பெண் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். குழுவில் இருக்கும் பதினொரு பேருக்கும் ஆளுக்கு ஒன்று, சுகன்யாவுக்கு ஒன்று. உன் பேருக்கும் ஒன்று, உன் பழைய முகவரிக்கே. அங்கே வரும் தபாலைப் பாஸ்கர்தான் பிரிப்பான், பிரிக்கட்டும்.

மொட்டைக் கடிதம் என்றால் உனக்கு ஆகாது. ஒரு தடவை நம் குழுவுக்கு வந்ததைப் படிக்காமலே கிழித்தாய். இருந்தாலும் கேள். நான் பேர் போட்டால் பாஸ்கர் கடிதத்தை விட்டுவிட்டு என்னைத்தான் படிப்பான். "பதவி கிடைக்காத வயித்தெரிச்சல்" என்பான். அது பொய்யும் இல்லை. அந்த வயிற்றெரிச்சலின் பின்னால் அவள் வாசிப்பு மறைந்துபோக நான் விடப்போவதில்லை.

இவர்களும் உன்னைப் போலவே கிழித்துப் போட்டால், விழா அன்று மைக் என் கையில்தான் இருக்கும். அச்சில் என்ன இருந்தாலும், முதலில் அவளைத்தான் மேடைக்குக் கூப்பிடுவேன். அன்றைக்கு என் முகமும் பேரும் எல்லோருக்கும் தெரியும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உறைகளில் முகவரி எழுதி முடித்துவிட்டேன். இத்தனை வருஷம் அழைப்பிதழ் உறை எழுதிய அதே கை. மைக்கைப் பற்றியும் உள்ளே சொல்லியாகிவிட்டது. யாரென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அது அவர்கள் பாடு. உன் கூட்டாளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கீழே கையெழுத்து இல்லை. அப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன்.