உன் கல்லில் என்ன எழுதுவது?

என் அன்புக் குமாரண்ணா,

சிலையெல்லாம் இல்லை, பயப்படாதே. நம் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் உனக்கு ஒரு நினைவுக்கல் வைக்கிறார்கள். நீ வேலை பார்த்த அதே குவாரியின் கல். 'போரில் வீரமரணம்' என்று எழுத்தும் வெட்டிவிட்டார்கள்.

எந்தப் போர், அண்ணா? சண்டை ஓய்ந்த ஒரு அயல்நாட்டுக்கு அமைதிப்படையோடு காவலுக்குப் போனாய். மழையில் லாரி கவிழ்ந்து செத்துப்போனாய். உன் உடலோடு வந்த அதிகாரி அதைத்தான் சொன்னார். ஊருக்குத்தான் அது போதவில்லை.

பதினெட்டு வயதில் குவாரியில் மிஷின் பிடித்து வெடிக்குக் குழி போட்டவன் நீ. நீ பட்டாளத்தில் சேர்ந்தது தேசபக்தியால் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். தூசி இல்லாத வேலை வேண்டும் என்றுதான் நீ போனாய், எனக்குத் தெரியாதா?

கடைசியாகப் போனில் பேசியபோது, அங்கே உங்களுக்கு நல்ல மரியாதையா என்று கேட்டேன். "இங்க இன்னா மரியாத? நாங்க ரோட்டுல வந்தாலே ஜனங்க கதவ சாத்திக்கினு உள்ள பூடுது" என்றாய். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வலிக்கிறது. அதில் ஒரு கதவாவது உனக்குத் திறந்ததா?

நேற்று ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி யூனிஃபார்மோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கல் பட்டறைக்குப் போனேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி கல்லைச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்றால் நல்ல கல், டொப்பென்றால் உள்ளே விரிசல் என்பாயே, டொப்பென்றுதான் கேட்டது. குவாரி ஊரில் கல்லைத் தட்டிப் பார்க்காமலே எழுத்து வெட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்ட அவசரம்.

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். வேறு கல்லில் அதே எழுத்தை வெட்டித் தருவதாகச் சொன்னார். அம்மா குறுக்கிட்டாள்.

"வீரமரணம்னு எழுதாதப்பா. எம் புள்ள யாரையும் சுடல. அத்த எழுது."

விஷயம் ஊர்த்தலைவர் காதுக்குப் போய்விட்டது. சுடாத சிப்பாய்க்குக் கல் வைத்தால் ஊரே சிரிக்கும் என்கிறாராம். சிரிக்கட்டும். நீ போன பிறகு அம்மா கேட்ட ஒரே விஷயம் இது.

புதுக் கல்லை நான் தட்டிப் பார்த்த பிறகுதான் உளி படும். அதில் உன் பெயர் இருக்கும், குவாரியில் கல் உடைத்தது இருக்கும், அம்மா சொன்ன வரி இருக்கும். ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கல் நம் வீட்டு வாசலில் நிற்கும். நம் கதவு திறந்தே இருக்கும், அண்ணா.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி