வால்வின் கருத்த பாதி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீயும் பேத்தியும் உன் அம்மா வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

வண்டியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தப் பேச்சே வேண்டாம் என்று மடித்து வைத்துவிடாதே. நெஞ்சுவலியோடு துடித்த என் மகனை நீ ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனபோது பாலத்தின் மேல் நின்றுபோன கார், அதன் பிறகு என் ஒர்க்‌ஷாப் மூலையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று அத்தை நச்சரித்தாள். எனக்கு மனசு வரவில்லை. ஊரார் வண்டியையெல்லாம் பிரித்துப் பார்க்கிறவன், என் பிள்ளையை நடுவழியில் விட்டதைப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பேன்?

போன வாரம் இன்ஜினின் மேல்மூடியை, அதான் ஹெட்டை, கழற்றினேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், நீ மிதித்த மிதியில் சூடேறி ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போயிருக்கும் என்று நினைத்துத்தான் கைவைத்தேன். கேஸ்கெட் குறையில்லாமல் இருந்தது. ஹெட்டின் அடியில் இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தேன், எங்கேயும் வளையவில்லை. வண்டி சூடேறவே இல்லை அம்மா. மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வின் தலை முறிந்து பிஸ்டன் மேல் கிடந்தது.

முறிந்த இடத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதி புதிதாகப் பளபளத்தது. மறுபாதி கரியேறிக் கருத்திருந்தது. அந்த விரிசல் உள்ளுக்குள் பல நாளாக இருந்திருக்கிறது. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியவில்லை. நீ ஊர்ந்துகொண்டு போயிருந்தாலும் அது முறிந்துதான் இருக்கும். "நான் வேகமா மிதிச்சேன் மாமா, நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாயே, அதை இன்றோடு விட்டுவிடு. வண்டி நிற்காமல் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று மட்டும் கேட்காதே. அது எனக்குத் தெரியாது.

புது பிஸ்டனும், முறிந்ததற்குப் பதில் புது வால்வும் போட்டு, வால்வுகளை அதனதன் இடத்தில் தேய்ப்புப் பேஸ்ட் தடவித் தேய்த்து உட்கார வைத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டும் கசியவில்லை. ஹெட்டை ஏற்றி, நடுவிலிருந்து ஆரம்பித்து போல்ட்டுகளை முறுக்கும்போது அவன் நினைப்புதான். ஸ்பானர் எடுத்துக்கொடுத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்கப்பா" என்று எனக்கே பாடம் எடுப்பான், ஞாபகம் இருக்கிறதா? உட்கார்ந்து அழுதுவிட்டேன். கிழவன் அழுதான் என்று யாரிடமும் சொல்லாதே.

நேற்று மாலை ஸ்டார்ட் செய்தேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டதும் அத்தை அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடி வந்தாள், அவன்தான் வந்துவிட்டான் என்று. ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் இன்ஜினை நிறுத்திவிட்டு, முறிந்த வால்வை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எல்லார் முன்னாடியும் என் புள்ளைய நீதான்டி முழுங்கிட்டன்னு அவளச் சொன்னேனே, இந்த வாய் அழுகிப் போகாதா?" என்றாள். அந்த வாய் போய்விட்டால் என்னைத் திட்ட வேறு ஆள் ஏது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடிதத்தின் கீழே நீயே இரண்டு வரி எழுது என்று அவளிடம் பேனாவை நீட்டினேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுதுவேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் அழுகிறாள் என்பதற்காக நீ கோபத்தை விட வேண்டியதில்லை. கோபத்தோடே வா. வந்து, வேண்டுமட்டும் அவளைத் திட்டு, வாங்கிக்கொள்வாள். போனவன் ஒருவன் போதும் அம்மா.

பேத்திக்கு என் முத்தம். நீங்கள் இருவரும் நீடூழி வாழவேண்டும். எந்தப் பேருந்தில் வருகிறாய் என்று எழுதினால், வண்டியைக் கொண்டுவந்து நிற்பேன். அந்த வண்டியில் ஏற மனசில்லை என்றால் சொல், நடந்தே வந்து கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா