தட்டை நகர்த்திக்கொண்ட அம்மாவுக்கு

அம்மா,

நேற்று மாலை ஃபீனிக்ஸ் பே படகுத்துறைப் பக்கம் நடந்து வரும்போது ஒரு கடையின் தோசைக்கல்லிலிருந்து மசாலா மணம் தெருவரைக்கும் வந்தது. எனக்குப் பசி இல்லை. ஆனாலும் நின்றேன். நீ போய் இத்தனை வருடங்கள் ஆகியும் அந்த மணம் என்னை நிறுத்திவிடுகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் மூன்றாம் வகுப்பு. ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வரும் சித்தியை அழைத்துப்போக, அப்பாவும் நீயும் நானும் அக்கரையில் நம் வீடிருந்த பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி வந்திருந்தோம். கப்பல் மறுநாள்தான் வரும் என்று ஜெட்டியில் சொல்லிவிட்டார்கள். கட்டிக்கொண்டு வந்த சோறு மத்தியானமே தீர்ந்திருந்தது.

"வாங்க, ஓட்டல்ல சாப்பிடுவோம்" என்றார் அப்பா, தினமும் போகிறவரைப் போல. அவராவது அங்கே டீ குடித்திருக்கிறார். நீயும் நானும் எந்த ஓட்டல் வாசலையும் தாண்டியதில்லை.

பரிமாறுகிறவர் மதுரைப் பக்கத்துக்காரர். அப்பா இட்லி சொன்னார், நான் வடை சொன்னேன். அவர் உன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா?" என்றார்.

"என்ன மிச்சம் இருக்கோ, அதக் குடுங்க" என்றாய்.

வீட்டில் நீ சாப்பிடுவது அப்படித்தான். நாங்கள் எழுந்த பிறகு சட்டியில் எது கிடக்கிறதோ அது. ஓட்டலிலும் அதுதான் முறை என்று நினைத்துவிட்டாய்.

பக்கத்து மேசையில் இருந்த துறைமுக ஆள் ஒருவர், "என் தட்டுல பாதி வடை மிச்சம் இருக்கு, அனுப்பட்டுமா?" என்றார். கடையே சிரித்தது.

"சும்மா இருய்யா" என்று அவரை அதட்டிவிட்டு, பரிமாறுகிறவர் தீவு இந்தி கலந்த தமிழில் உன்னிடம் சொன்னார்: "மிச்சமெல்லாம் இங்க கிடையாதும்மா. எல்லாம் இப்பப் போட்ட தாஜா மால். ஆராமா யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "அவளுக்கும் இட்லியே வையிப்பா."

"இட்லி வேண்டாம்" என்றாய் நீ.

அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்தார். "பின்ன என்னதான் வேணும்? சொல்லுட்டி, படகு போயிரும்."

"தெரியலியே. யோசிக்கேன்."

பிற்காலத்தில் வாத்தியாராகிக் கரும்பலகைக்கு முன்னால் நின்று, உன்னுடைய அந்த முகத்தைப் பிள்ளைகளிடம் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேள்வி கடினம் என்பதால் அந்தப் பிள்ளைகள் விழிப்பதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

எங்கள் தட்டுகள் காலியாகிவிட்டன. ஜெட்டியில் படகு ஊதியது. அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. அப்பா பாதி எழுந்தார். உன் முகத்தைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"படகு போனாப் போவட்டும். நீ யோசி."

கடைசியில் நீ அடுப்படியைக் கை காட்டினாய். "அங்க மணக்குதே, அது."

மசாலா தோசை வந்தது. நாங்கள் சாப்பிட நீ பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். அன்று நீ சாப்பிட்டாய், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கை நீட்டினேன். வீட்டில் கேட்பதற்கு முன்பே மீனின் நடுத்துண்டு என் தட்டுக்கு வந்துவிடும் அல்லவா? நீயோ தட்டை உன் பக்கம் நகர்த்திக்கொண்டாய்.

"தொடாதலே. இது எனக்கு வந்தது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் கொடுக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை நான் உன்னோடு பேசவில்லை.

மறுநாளும் நீ சட்டியில் இருந்ததைத்தான் சாப்பிட்டாய். ஒரு தோசை அதையெல்லாம் மாற்றிவிடாது. ஆனால் அப்பா மட்டும் அதன்பிறகு சாப்பிட உட்காரும்போதெல்லாம், "உனக்கு எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எது கேட்டாலும் அதே வகுப்பில் இருந்த அவளுடைய அண்ணனே முந்திக்கொண்டு பதில் சொல்வான். ஒருநாள் எல்லோரையும் பாடச் சொன்னேன். "இவளுக்குப் பாட வராது சார், அடுத்த ஆளக் கேளுங்க" என்றான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "உனக்கு என்னம்மா செய்யப் பிடிக்கும்?" என்று அவளிடம் கேட்டேன். மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அசையவில்லை. கேட்டுவிட்டால் பதில் வரும்வரை இருக்க வேண்டும். இன்றைக்கும் என்னால் அப்படித்தான் இருக்க முடிகிறது.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள். "கணக்கு, சார். போர்டுல போடட்டுமா?"

சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு, நான் அவளுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.